சாலைப் பணி

துஸ்லா நகர ஆய்வகத்தில்
என் வேலை எலும்புகளோடு இல்லை,
எலும்புகளின் வீட்டாரோடு.
தொலைபேசியில் பேசுகிறவள் நான்.

மெவ்லிடாவை முதல்முறை அழைத்தபோது
அவள் மகன் செனாஹித்தின் இடது தொடையெலும்பு கிடைத்திருந்தது.
நான்கு வருடம் கழித்து, தாடை.
பிறகு ஒரு நவம்பரில், இடுப்பில் பாதி,
பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி வேறொரு குழியில்.

ஒருவன் எப்படி மூன்று குழிகளில் கிடப்பான் என்று
இங்கே இப்போது யாரும் கேட்பதில்லை.
முதலில் ஒரே குழிதான்.
பயம் வந்தபின் திரும்பத் தோண்டி அள்ளினார்கள்,
இரவில், இயந்திரத்தால்,
லாரி லாரியாக, வெவ்வேறு மலைச்சரிவுகளுக்கு.
இரும்புப் பற்களுக்கு என்ன தெரியும்
எது யாருடைய விலா என்று.

எங்கள் படிவத்தின் கடைசிக் கேள்வி:
'இனி ஏதேனும் கிடைத்தால் தெரிவிக்க வேண்டுமா?'
ஆம், இல்லை. ஒன்றில் குறியிடவும்.
பலர் களைத்துப்போய் இல்லை என்கிறார்கள்.
புதைத்த பிள்ளையை இன்னொரு தடவை
மண் விலக்கிப் பார்க்கத் தெம்பில்லை என்றார் ஒருவர்.
மெவ்லிடா ஒவ்வொரு முறையும் ஆம்.

போன முறை கேட்டாள்:
'கால் சுண்டுவிரல் கிடைக்குமா?
பந்து விளையாடி உடைத்துக்கொண்டான்.
பக்கத்து விரலோடு சேர்த்து நானே துணி சுற்றினேன்.
கோணலாய்த்தான் கூடியது.'
படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்: கோணல் விரல்.

வழக்கு நடந்தது. சான்றாவணங்களில்
ஒரு டீசல் சீட்டும் இருந்தது.
'எண்ணூறு லிட்டர். காரணம்: சாலைப் பணி.'
கிடங்குக்காரர் சொன்னார்,
அளந்து ஊற்றினேன், அவ்வளவுதான்.
ஓட்டுநர் சொன்னார்,
நெம்புகோலை இழுத்தேன், கீழே பார்க்கவில்லை.
கையெழுத்திட்டவர் சொன்னார்,
அன்றைக்கு நாற்பது தாளில் கையெழுத்திட்டேன்,
ஒன்று முட்டை வாங்குவதற்கு.
முட்டை விஷயம் உண்மை. சரிபார்த்தார்கள்.
அவருக்கு மேலே இருந்தவர் வாயே திறக்கவில்லை.

மேலே இருந்தவருக்குச் சிறை. கையெழுத்துக்காரருக்கும்.
மற்றவர்கள் சாயங்காலப் பேருந்தில் ஊர் திரும்பினார்கள்.
அதே பேருந்தில் நானும் இருந்தேன்,
சாட்சியாக அல்ல, வேடிக்கை பார்க்கப் போனவளாக.

அழைக்கும்போது பெயரில் பாதியைத்தான் சொல்வேன்.
'ஆய்வகத்திலிருந்து யாஸ்னா.'
மீதியைச் சொன்னால் தெரிந்துவிடும்
நான் யாருடைய பெண் என்று.

நேற்று மெவ்லிடா கேட்டாள்.
சண்டைக்கல்ல, வெளியே பனி,
பேச ஒரு குரல் வேண்டியிருந்தது போல.
'உனக்கு எந்த ஊர், மகளே?'
சொன்னேன்.
மறுமுனையில் ஏதோ கொதித்துப்
பாத்திர மூடி தட்டிக்கொண்டிருந்தது.
யாரோ அடுப்பை அணைத்தார்கள். அவள்தான்.
'அப்படியானால் உனக்குக் கேட்டிருக்கும்.'

கேட்டது.
எனக்கு அப்போது பதினேழு.
ஜன்னல் கண்ணாடி விடிய விடிய அதிர்ந்தது.
சாலை போடுகிறார்கள், தூங்கு என்றார் அப்பா.
தூங்கினேன்.
யாரிடமும் சொல்ல முடியாதது அதுதான்,
நன்றாகத் தூங்கினேன்.
காலையில் பள்ளிக்குப் போகும் வழியில்
பள்ளங்கள் அப்படியே இருந்தன.
ஒவ்வொன்றாய் ஒதுங்கி ஒதுங்கித்தான்
சைக்கிள் மிதித்தேன்.

'எத்தனை ராத்திரி?'
மூன்று என்றேன்.
'நீதிமன்றத்தில் இரண்டு என்றல்லவா சொன்னார்கள்.'

ஈரமான கையை அவள் துடைப்பது கேட்டது.

'மூன்றாவது ராத்திரி
சத்தம் எந்தப் பக்கம் போனது?'

ஆற்றுப் பக்கம்.
சுண்ணாம்புச் சூளைக்கும் கீழே.
அங்கே இதுவரை யாரும் தோண்டவில்லை.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.
'எழுது' என்றாள்.
'உன் முழுப் பெயர் போட்டு எழுது.'