மரகதவலி

இரவு ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு மெயில்,
ஒன்று ஐம்பத்தெட்டுக்கு இன்னொன்று.
இரண்டும் ஒரே கடையின் பெயரில்,
ஒரே சிவப்புத் தலைப்பில்.

கடலூர் முதுநகர் ஐஸ் ஃபேக்டரியில்
இரவுக் கணக்கு என்னுடையது.
எந்தப் படகுக்கு எத்தனை பார், எவ்வளவு பாக்கி
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷின்
பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

'உங்கள் கார்டு புதிய முகவரியில் பயன்படுத்தப்பட்டுள்ளது.
இது நீங்கள்தானா?'

நானில்லை.
நான் இங்கே இருக்கிறேன்.
கையில் ஈரம், காதில் பேனா.
கடனுக்கு ஐஸ் கேட்டு நிற்கிற வீரபத்திரனிடம்
பழைய பாக்கியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
நீங்கள்தானா என்று இவ்வளவு மரியாதையாக
இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

இரண்டாவது மெயிலில் ஒரு பட்டன் இருந்தது.
பச்சை. சரியாகக் கட்டைவிரல் அகலம்.
இன்றிரவே அழுத்தாவிட்டால் கணக்கு மூடப்படும் என்றது.
ஒற்றெழுத்துகூடத் தப்பவில்லை அதில்.
முதல் மெயில்தான் கோணல்மாணலாக இருந்தது,
பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்,
கீழே யாரும் படிக்காத பொடி எழுத்துப் பத்தி.
இதுதான் களவாணி என்று முடிவுகட்டி
விரலைப் பச்சைக்கு மேலே கொண்டுபோய்விட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
பச்சைப் பட்டன் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று கூப்பிடுகிறது.
கோணல் மெயில் கூப்பிடுகிறது
'அன்புள்ள மரகதவலி.'

வலி.

போன ஆடியில் செம்மண்டலம் பஸ்ஸில் நின்றபடி
குக்கர் கேஸ்கெட் வாங்கக் கணக்குத் திறந்தேன்.
டிரைவர் போட்ட பிரேக்கில்
என் பெயரிலிருந்து ஒரு ல் கீழே விழுந்தது.
வல்லி வலியானாள்.
குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.
கேஸ்கெட் வந்தது, குக்கர் விசிலடித்தது, அதோடு சரி.
அந்தப் பிழை எனக்கும் அந்தக் கடைக்கும் மட்டும்
நடுவே கிடந்தது.

நிஜம் எதுவென்று தெரிந்த பிறகும்
அதிலும் எதையும் அழுத்தவில்லை.
தனியே ஆப்பைத் திறந்து, வாசல்வழியாக உள்ளே போனேன்.
நீல நிற மொபைல் கவர் ஒன்று,
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்,
நான் கேள்விப்படாத ஓர் ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தது.

கார்டின் முதுகில் பாங்க் நம்பர் தேய்ந்திருந்தது.
எட்டை மூன்றென்று படித்ததில்
யாரோ ஒருவர் தூக்கத்தில் என்னைத் திட்டினார்.
மறுபடி, டார்ச் அடித்து.
இருபது நிமிடம் வீணை கேட்ட பின்
ஒரு பெண்குரல் சொன்னது:
'பதம் பாக்குறாங்க மேடம்.
சின்னது போச்சுன்னா அடுத்தது அம்பதாயிரம்.'

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து
என்னை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்திருக்கிறான்,
வெந்திருக்கிறேனா என்று.
வந்தது ஒருவனா, ஒருவனே இரண்டு வேஷமா,
இன்றுவரை தெரியாது.

கார்டை முடக்கிவிட்டு நிமிர்ந்தால்
வீரபத்திரன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.
'அது கடன் கார்டா அக்கா?'
ஆமாம்.
'அப்போ உங்களுக்கு நோட்டு எழுதுறது யாரு?'
பன்னிரண்டு பார் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்
புதுக் கார்டு வந்தது.
கொண்டுவந்த பையன் ஐஸ் தண்ணீரில்
செருப்பு நனையாமல் ஒற்றைக்காலில் நின்றான்.
'ஓடிபி சொல்லுங்க அக்கா.'

போனைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன்.
ஆறு எண்கள், அவற்றுக்குக் கீழே
யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி.

'அது அப்படித்தான் போட்டிருக்கும்' என்றான்,
காலை மாற்றிக்கொண்டு.
'எனக்கு மட்டும் சொல்லணும்.'

கவரைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.
மரகதவல்லி என்று இருந்தது.
எல்லா எழுத்தும் சரியாக இருந்தது.
அதனாலேயே
இன்னும் கொஞ்சம் யோசித்தேன்.