பொருள்:

மஞ்சக்குப்பத்தில் குறைதீர் நாள் என்றால்
வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் முத்திரைத்தாள்காரர்.
பட்டா, முதியோர் பணம், வாய்க்கால் தகராறு,
கெடிலம் உள்ளே வந்து கொண்டுபோன மோட்டார்:
எதற்கும் என்னிடம் ஒரு தொடக்கம் உண்டு.

பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள்.
மருந்துக்கடை அஞ்சலாட்சி,
சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காத தெய்வசிகாமணி,
செல்போன் கடை முபாரக்.
கலெக்டருக்கா என்றேன்.
மும்பைக்கு என்றார்கள்.

ஆப்ஷன் என்றார்கள். லாட் என்றார்கள்.
லாட்டின் அளவை ஏற்றப் போகிறார்களாம்
சின்னக் கை எட்டாத உயரத்துக்கு.
கருத்துச் சொல்ல இன்னும் ஒன்பது நாள்.
தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
"வாங்குறதுக்கான உரிமையை வாங்குறது" என்றான் முபாரக்.
அடித்துப் பார்த்தேன்.
இரண்டு தடவை வாங்கியும்
கையில் ஒன்றும் வராத வாக்கியம்.

எவ்வளவு போச்சு?
தெய்வசிகாமணி டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அஞ்சலாட்சி சொன்னாள்:
"மூணே கால் லட்சம். அதையும் போடுங்க.
போட்டுட்டு இதையும் போடுங்க.
எங்க தெருவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு
அழுகின முட்டை நாத்தம் வரும்.
அதுல குடியிருக்க உனக்குத் தகுதி இருக்கான்னு
ஒருத்தரும் சம்பளச் சீட்டு கேக்கல.
சீட்டுக் கம்பெனிக்காரன் ஷட்டரை இறக்கிட்டு ஓடினப்ப
ஒரு ஆபீசும் எங்களைக் காப்பாத்த வரல.
இப்ப மட்டும் என்ன எங்க மேல இவ்வளவு பாசம்?"

மனுவில் பாசம் வருமா என்று யோசித்து
அக்கறை என்று அடித்தேன்.
பாசமே இருக்கட்டும் என்றாள்.

அந்தச் சீட்டுக் கம்பெனி மனுக்களும்
இந்த மரத்தடியில் எழுதியவைதான்.
எண்பத்தேழு பேர், ஆளுக்கு இருபது ரூபாய்.
'உரிய காலத்தில் அரசு தடுத்திருந்தால்' என்று
எண்பத்தேழு முறை அடித்த விரல் இது.
அறுபத்திரண்டாவது மனு
என் பெயரில்; அதற்குக் கூலி வாங்கவில்லை.
இன்று 'தடுக்க வேண்டாம்' என்று அடிக்கிறேன்.
'த' விசை அப்போதும் இப்படித்தான் சிக்கும்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் தோற்கிறார்களாமே,
கேட்டுவிட்டேன்.
"பத்தாவது ஆள் எந்த ஊர்லேருந்து வரணும்னு
அவங்களே முடிவு பண்ணிட்டாங்க."
அதுவரை பேசாத தெய்வசிகாமணி.

படித்துக் காட்டினேன்.
'ஏழை எளியவர்களாகிய நாங்கள்' வந்த இடத்தில்
அஞ்சலாட்சி கையை நீட்டித் தாளை மறைத்தாள்.
"அதை எடுங்க சார்.
அதைச் சொல்லித்தான் கதவைச் சாத்துறாங்க."

முப்பத்தோரு வருஷத்தில்
அந்த இரண்டு சொல் இல்லாமல்
ஒரு தாளும் இந்த மெஷினை விட்டு இறங்கியதில்லை.
புதுத் தாளைச் செருகினேன்.
பெறுநர் அடித்தேன்.
பொருள் அடித்து இரண்டு புள்ளி வைத்தேன்,
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று
கொஞ்சம் இடம் விட்டேன்.
முபாரக் போனைப் பார்த்து உதட்டைக் கடித்தான்.
ஏறுதா இறங்குதா, யாரும் கேட்கவில்லை.
'ஆகிய நாங்கள்' என்று அடித்துவிட்டு
யாராகிய நாங்கள் என்று நிமிர்ந்தேன்.

மூன்று பேரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.