ஐந்தில் நான்கு

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது
பம்பு பழுதுபார்த்தல் ஐம்பத்திரண்டு.
பாடத்திட்டக் குழுவின் குறிப்பு இவ்வளவுதான்:
'புரிந்துகொள்வர்' என்பதை அளக்க முடியாது.
வேறு வினைச்சொல் போடவும்.

ஸ்டாக்டனில் டிசம்பர்.
ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி
பார்க்கிங்கில் கார்களின் நிறத்தைத் தின்றுவிட்டிருந்தது.
எப்ராயின் ஒச்சோவா என் மேசைக்கு வந்தார்,
மூன்று திருத்தங்களையும் ஒன்றாய்ச் சுருட்டிப்
பின்பாக்கெட்டில் செருகியபடி.
"மாணவர் மோட்டாரின் சத்தத்தைப் புரிந்துகொள்வர்.
இதில் என்ன பிழை?"

பிழையில்லை என்றேன். பட்டியலில் இல்லை.
பட்டியலை எடுத்துக் காட்டினேன். லாமினேட் செய்தது,
என் காபிக் கறை ஒன்றும் உள்ளே சிறைப்பட்டது.
அடையாளம் காண்பர், விவரிப்பர், ஒப்பிடுவர்,
கணக்கிடுவர், செய்து காட்டுவர்.
பதினோரு வருடமாய் இந்த வினைகளைப்
பிறர் வாக்கியங்களின் வாலில் மாட்டித்தான்
வீட்டு வாடகை கட்டுகிறேன்.
செவிலியர் உதவி, கணக்குப்பதிவு, மழலையர் பராமரிப்பு,
எல்லாவற்றிலும் மாணவர் செய்து காட்டுவர்.
யாரும் எதையும் உணர்வதில்லை. தெளிவதில்லை.
போன மார்ச்சில், மெய்யியல் அறிமுகத்திலிருந்து
'வியப்பர்' என்பதை நானே நீக்கினேன்.

"உன் மொழியில் இதற்கு என்ன சொல்?"
சும்மாதான் கேட்டார், லிஃப்டுக்குக் காத்திருக்கையில் கேட்பதுபோல்.

புரி, என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கில் தட்டியது.
பணி புரிகிறேன். போர் புரிந்தான். தவம் புரிந்தாள்.
கயிற்றின் முறுக்குக்கும் அதுவே பெயர்.
விளங்குவதற்கும் செய்வதற்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டு
யாரோ காரணம் எழுதாமல் போயிருக்கிறார்கள்.
இதைக் குழுவுக்கு எப்படி அனுப்ப?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"வா" என்று பட்டறைக்குக் கூட்டிப்போனார்.
ஐந்து மோட்டார்கள், ஐந்தும் ஓடின.
எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.
ரோவெனா பாங்கிலினான், நாற்பது வயதிருக்கும்,
கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவள்,
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றிப்
பிடியைக் காதோர எலும்பில் வைத்தாள்.
கண்ணை மூடினாள்.
முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில்
மூச்சை நிறுத்தினாள்.
"பேரிங்" என்றாள். "இன்னும் ஒரு மாதம் தாங்கும்."
ஒச்சோவா தலையைக்கூட ஆட்டவில்லை,
அடுத்ததைக் கை காட்டினார்.

நானும் வைத்துப் பார்த்தேன்.
என் மண்டைக்குள் ஒரு ரயில் வந்து
எந்த நிலையத்திலும் நிற்காமல் போனது.

மேசைக்குத் திரும்பி எழுதினேன்:
'ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து மோட்டார்களைக் கொடுத்தால்,
பழுதுற்றது எது, பழுதற்றது எது என
ஐந்தில் நான்கையேனும் மாணவர்
கேட்டு அடையாளம் காண்பர்.'

வியாழன், மூன்று மணிக் கூட்டம்.
தலைவர் டெனிஸ் ஹாலோரன் கண்ணாடியை ஏற்றிப் படித்து
"இதுதான் வேண்டியது" என்றார்.
ஆட்சேபம் இல்லை. நாற்பது விநாடி.
அடுத்து நடனம் பதினேழு:
அதில் மாணவர் தாளத்தைப் புரிந்துகொள்வர்.
திருப்பி அனுப்பினோம்.

மாலையில் ஒச்சோவாவின் குறுஞ்செய்தி:
"நன்றி. அந்த ஐந்தாவதை என்ன செய்ய?"

எண்பது சதவீதம் என்று போடுவது வழக்கம்.
யார் தொடங்கியது என்று தெரியாது.
பதில் எழுதவில்லை.

பனிக்குள் வீட்டுக்கு, இருபத்தைந்து மைல் வேகத்தில்.
ஆற்றைவிடத் தாழ்ந்த நிலம் இது;
கரைக்கு இந்தப் பக்கம் எந்நேரமும் எங்கோ ஒரு பம்பு
வயலில் ஊறும் நீரை
ஆற்றுக்கே திருப்பி இறைத்துக்கொண்டிருக்கும்.
ரேடியோவை அணைத்தேன்.
கண்ணாடியைச் சற்று இறக்கினேன்.

ஓடிக்கொண்டிருந்தது.
நன்றாக ஓடுவதாகத்தான்
எனக்குக் கேட்டது.