துவக்கு

தம்பிக்கு அவர்கள் தந்தது
ஒரு காக்கிச் சட்டை, ஒரு விசில்,
ஒற்றைக் குழல் துவக்கு,
தோட்டா இரண்டு.
செட்டியார் தெரு நகைக்கடை வாசல்.
மாலை ஏழு தொடக்கம் காலை ஏழு.
வந்ததும் பதிவேட்டில் சிங்களத்தில் எழுதுவான்:
தோட்டா இரண்டு பெற்றேன்.
விடிந்தபின் அதன் கீழே:
தோட்டா இரண்டு ஒப்படைத்தேன்.
நாலு வருடமாய் இதுதான் அவன் நாட்குறிப்பு.

ஆவணியில் நித்திரை போனது.
பிறகு பசி.
பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று
எந்தப் பக்கம் வீடு என்று
போனில் என்னைக் கேட்டான், சிரித்துக்கொண்டே.
நான் பார்மசியில் நிற்பவள்.
அவன் சட்டைப் பையில் மருந்துத் துண்டைக் கண்டு
வாசிக்கத் தெரியாதவள் போல் திரும்ப மடித்து வைத்தேன்.
அன்றிலிருந்து
அவன் தோட்டாக்களை எண்ணுகிறான்,
நான் அவன் மாத்திரைகளை.

கிளினிக்குக்கு அங்கொடை பஸ்.
கொண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவும்போதே
யாரோ ஒருவன் சிரிப்பான்.
எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரை
வசவாகத்தான் வைத்திருந்தோம்.

பஸ்ஸில் வானொலி.
போன கிழமை எங்கோ சூடு விழுந்ததாம்.
நல்ல மனுசர் கையிலும் ஒன்று இருந்தால்
கள்ளன் பயப்படுவான் என்றார் ஒருவர்.
எல்லாவற்றையும் வாங்கிக் கடலில் போடுங்கோ என்றார் மற்றவர்.
இடையில் ஒரு நேயர்:
துவக்கில்லை ஐயா பிரச்சினை, விசர்.
விசரரைப் பிடித்து அடையுங்கோ.
அந்த ஓரிடத்தில்தான்
மூன்று பேரும் ஒத்துப்போனார்கள்.
யன்னலோரம் இருந்து கேட்டான் தம்பி,
தன் பிடரியை யாரோ விலைபேசுவது போல.

இரண்டு தரிப்புக்கு முன்னரே இறங்கி நடந்தோம்.
"ஆருக்கும் ஏதும் செய்துபோடுவன் எண்டு பயமில்லை அக்கா.
விடியப்புறம் மூண்டு மணிக்குத் தெருவிலை
ஒரு நாய்கூட இல்லை.
நானும் அதுவும் மட்டும்."

டொக்டர் கேட்டா: வீட்டில் ஆயுதம் ஏதும்?
வீட்டில் இல்லை என்றேன்.
பொய்யில்லை.
வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில்தான் போகிறது.

எங்கள் பேச்சில் அதன் பெயர் துவக்கு.
ஆரம்பி என்பதற்கும் அதே சொல்.
முடித்துவைக்கும் சாமானுக்கு
யார் வைத்த பெயரோ.

மறுநாள் முதலாளியிடம் போனேன்.
லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள், லைசென்ஸ்.
புதுப்பிக்கும்போதெல்லாம் டொக்டரிடம் போய்
கண்ணும் புத்தியும் சரியென்று
தனக்குத்தான் சான்றிதழ் எடுப்பாராம்.
அந்தத் துவக்கை அவர் தொட்டதே இல்லை.
நான் எல்லாம் சொல்லவில்லை.
நித்திரை இல்லை என்று மட்டும்.
பகல் வேலை கேட்டேன், கையில் ஒரு தடியோடு.

"தங்கச்சி, பயப்படாதேங்கோ" என்றார்.
குரலைத் தாழ்த்தினார்.
"அந்தத் தோட்டா ரெண்டும் அப்பா காலத்துச் சாமான்.
வெள்ளத்திலை ஊறினது. வெடிக்காது.
கள்ளனுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்."
தேநீர் வரவழைத்தார்.
குடித்தேன், என்ன செய்வது.

வெளியே கடைப் பலகைகள்
ஒவ்வொன்றாய் வெளிச்சம் போட்டன.
வெடிக்காதென்று
யார் எப்போது வெடித்துப் பார்த்தது?
தம்பிக்குச் சொன்னால்
உண்மைதானா என்று பார்க்க அவனுக்குத் தோன்றும்.
சொல்லாவிட்டால்
மூன்று மணி.

ஆறு நாற்பது.
தெரு முனையில் அவன் வருவது தெரிகிறது,
சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருக்கிறான்.
கிளினிக் இலக்கத்தை அழுத்துகிறேன்.
நீண்ட நேரம் மணி போகிறது.
எடுத்தால் இப்படித்தான் சொல்லவேணும்:
டொக்டர்,
அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டீங்கள்,
அதை இன்னொருதரம் கேளுங்கோ.