ஒரு நட்சத்திரம்

"காரம் அதிகம்" என்று எழுதியிருக்கிறார்
என் மிளகாய்த் தூளுக்கு.

க என்று தொடங்கி
ஐந்து நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் ஒளிந்து
ன் என்று முடிகிறது பெயர்.
தனக்கு ஐந்து வைத்துக்கொண்டு
எனக்கு ஒன்று தந்திருக்கிறார்.

பாடாங் செராயில் அந்த வாரம் முழுக்க மழை.
தகரக் கொட்டகையில் காயாத மிளகாயை
இரவு வேலை முடிந்து வந்து
சட்டி சட்டியாக வறுத்தேன்.
பக்கத்து வீட்டு மணிமாலாவும் சேர்ந்து தும்மினாள்.
பொட்டலம் பன்னிரண்டு வெள்ளி,
கூரியர் செலவு என் தலையில்.

"சீனி வாங்கியிருக்கலாமே"
என்று பதில் எழுதினேன்.
அழித்தேன்.
"மிளகாய் பிறகு எப்படி ஐயா..."
அதையும் அழித்தேன்.
செம்பனை லோரி ஒன்று
சன்னலை உலுக்கிவிட்டுப் போனது.

"மன்னிக்கவும்.
அடுத்த முறை அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள்."
போய்விட்டது.
முதல் சொல் மட்டும்
விடியும்வரை தொண்டையில் கமறியது.

காலையில் கூரியர் கடை ஹஸ்மா
புதுப் பொட்டலங்களை நிறுத்துக்கொண்டே
மூக்கைப் பொத்தித் தும்மினாள்,
மறுபடியும் தும்மினாள்.
"பெடாஸ், காக்!" என்று கண்ணைத் துடைத்துச் சிரித்தாள்.

அதே சொல்தான்.
மன்னிப்புக் கேட்க
எனக்குத் தோன்றவே இல்லை.