சிவப்புக் கோடு

ஜூலையில் மூயி ரிவரில் ஜெல்கூட உறைந்துவிடும்.
பாட்டிலைக் கோட்டுக்குள் விலாவோடு ஒட்டி வைத்து
வண்டி ஓட்டி வந்தாள்
பிரேஷிலா படையாச்சி, மாட்டு டாக்டர்.

இரும்புச் சட்டத்துக்குள் நிற்கிறது பொலிகாளை.
எண்ணூற்று அறுபது கிலோ, சுட்ட செங்கல் நிறம்.
அது மூச்சு விட்டால் கொட்டகையே புகைகிறது.
ஆகஸ்ட் ஏலத்துக்கு ஸ்ட்ரைடம்
இதன் படத்தை அட்டையிலேயே போட்டுவிட்டார்.

வெந்நீரில் கழுவி நாடா பிடித்தாள்.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
"சொன்னேனே" என்றார் ஸ்ட்ரைடம்,
தன்னுடையதை அளந்தது போல.

பிறகு கருவியை வைத்தாள்.
நல்ல விதை திரையில் எப்படி இருக்கும்?
கட்டி விழாமல் கிண்டிய சொஜ்ஜி, நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று.
இங்கே யாரோ கல்லுப்பை வாரி இறைத்திருந்தார்கள்.
கருவியை நகர்த்தினாள். அங்கும்.
இடப்பக்கம். அங்கும்.
தழும்பு. பழையது.
எப்போதோ ஒரு காய்ச்சல், ஒரு உதை, யார் கண்டது.
விந்துச் சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தாள்:
கடையடைத்த தெருவில் வீடு திரும்பும் இரண்டொருவர்.

அவள் நினைத்தது காளையை அல்ல.
போன மார்ச்சும், அதற்கு முந்தின மார்ச்சும்
இதே சட்டம், இதே கருவி, இதே கை.
உள்ளே பார்த்து "காலி" என்று அவள் கத்த,
ம்கீஸே பசுவின் இடுப்பில் சிவப்புக் கோடு இழுப்பார்.
முதல் வருஷம் பதினொன்று.
அடுத்த வருஷம் இருபத்தாறு.
கோடு விழுந்தவை எஸ்ட்கோர்ட் லாரியில் ஏறின.

காளையைக் கொண்டு வாருங்கள் என்று
ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.
தலைக்கு இவ்வளவு என்று பில் போட்டாள்.

சாட்ஸ்வர்த்தில் அவள் வீட்டில்
கப்பலேறி வந்த தமிழ் முக்கால்வாசி கரைந்துபோயிற்று.
சாமி பெயர், சாப்பாட்டுப் பெயர், நாலைந்து வசவு.
மலடி மட்டும் சுருக்கம் விழாமல் இருக்கிறது.
அத்தைமார் அதை ஆங்கில வாக்கியத்தின் ஓரத்தில்
ஊறுகாய் மாதிரி வைப்பார்கள்.
அதற்கு ஆண்பால் உண்டா, அவளுக்குத் தெரியாது.
ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

"என்ன எழுதப்போகிறாய்?"
"பார்த்ததை."
"ஏலத்துக்கு மூன்று வாரம்தான்."
"தெரியும்."
ஸ்ட்ரைடம் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்,
வேறு பதில் அதற்குள் இருக்கலாம் என்பது போல.

ம்கீஸே தாழ்ப்பாளை நீக்கினார்.
காளை தலை நிமிர்த்தி வெளியே நடந்தது.
அதற்கு ஒரு கவலையும் இல்லை.
அவர் பேசவில்லை. வேலிப் பக்கம் தாடையை மட்டும் காட்டினார்.

முந்தின வருஷம் கோடு போட்ட பசு ஒன்று
லாரி வந்த காலை கம்பியைத் தாண்டி
பக்கத்துப் பண்ணை ங்கூனிக் காளையிடம் ஓடியது.
ஜனவரியில் ஈன்றது.
கன்றைப் பார்த்து ஸ்ட்ரைடம் சிரித்தார்.
மார்ச்சில் வந்தபோது அவளும் சிரித்தாள்.

செங்கல் நிற மந்தைக்குள்
கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளி புள்ளியாய்
மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறது அது,
ஆறு மாதமாக,
எல்லாரும் பார்க்கிற இடத்தில்.