முழுக்குரல்

சத்துவாச்சாரி போர்ஷன்
பத்துக்குப் பன்னிரண்டு என்றார்கள்.
கட்டிலும் பீரோவும் போட்டபின்
நடக்க மிஞ்சியது ஒரு பாய் அகலம்.
அந்தப் பாயையும் ராத்திரி விரித்துவிடுவோம்.

இந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால்
ரீசார்ஜ் கடைக்காரர் இருமுவார்.
அந்தப் பக்கம் நர்சிங் படிக்கிற மூன்று பெண்கள்.
யாருடைய அலாரம் என்று தெரியாமல்
நாலரைக்கு எல்லாருமே எழுந்துகொள்வோம்.

சண்டையைக்கூட நாங்கள்
உதட்டால்தான் போட்டோம், ஒன்பது வருஷம்.
தணிகை அவன் தம்பிக்குக் கொடுத்த முப்பதாயிரம்,
மஞ்சள் நீராட்டில் என் அண்ணி சொன்ன ஒரு சொல்,
எல்லாம் ஃபேன் சத்தத்துக்கு அடியில்.
தாங்காத நாளில்
மிக்சியைப் போட்டுவிட்டுத் திட்டுவேன்.
வெறும் ஜாரை ஓட்டி ஓட்டி
ஒரு மிக்சி போயே போய்விட்டது.

மூன்றாவது தங்கியதும்
வேதவல்லியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
"நாலு பேருக்குன்னுதானே வாடகை பேசினது?"
என் வயிற்றைப் பார்க்கவில்லை.
தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் கேட்டார்.

பிள்ளைத்தாச்சி வீடு மாறக் கூடாது என்றாள் மாமியார்.
பத்துக்குப் பன்னிரண்டில் ஐந்து பேர்
படுக்க மட்டும் கூடுமா என்று
நான் கேட்கவில்லை.
மிக்சியும் இல்லை அப்போது.

ஊசூர் தாண்டி, மலையடிவாரம்.
ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்னால் நெல்லிமரம்,
கடைசி பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவும் கிடையாது.
வாடகை பாதி.
டாடா ஏஸில் சாமான் ஏற்றியபோது
ஒன்பது வருஷம் ஒரே நடையில் முடிந்தது.
கவின் அறைக்கு அறை ஓடி
"இதுவும் நம்புளுதா? இதுவும்?" என்றான்.
லத்திகா தன் புத்தகப் பையை
ஒரு மூலையில் வைத்தாள்.
யார் காலிலும் படவில்லை என்று
திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள்.

ஐந்தாம் நாள் மோட்டார் நின்றது.
தொட்டியில் அரைச் சாண் தண்ணீர்.
அவன் போர்வெல் கிட்டே டார்ச்சோடு குந்தியிருந்தான்.
வாசலில் நின்று நான் திட்டினேன்,
பழக்க தோஷம், உதட்டால்.
"காதுல வுழல, சத்தமாச் சொல்லுடி" என்றான்.

சொன்னேன்.

மோட்டாரில் தொடங்கினேன்.
பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தது,
ஏழாவது மாசத்தில் குடம் தூக்க வைப்பது,
அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது.
எனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று
எனக்கே அன்றுதான் தெரியும்.
அவனும் எழுந்து நின்று கத்தினான்.
கடைசியில் நான், முழு மூச்சில்:
முப்பதாயிரம்!

ஒரு நொடி கழித்து
மலை சொன்னது:
...தாயிரம்.

பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள்.
"அம்மா, இன்னொரு தடவ சொல்லு."
தணிகை டார்ச்சை அணைத்துவிட்டான்.
சிரிக்கிறானா என்று இருட்டில் தெரியவில்லை.
கவின் தன் பெயரை எறிந்தான்,
கிடைத்தது.
லத்திகா எறிந்தாள்.
பிறக்காததற்கு இன்னும் பெயரில்லை என்பதால்
"பாப்பா" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்த,
மலை கொஞ்சம் யோசித்து
...ப்பா என்றது.

விடிந்தும் விடியாமல்
கொல்லைக்கு அந்தாண்டை வீட்டுப் பச்சையம்மா
தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.
இதுவரை பேசியதில்லை.
அவள் வீட்டு விளக்கு எங்களுக்கு
ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
"இன்னாமா, மோட்டாரு ஓடலியாமே?
காயிலு போயிருக்கும். எம் பையன அனுப்பறேன்."

குடத்தை இறக்கிவைத்தாள்.
முந்தானையால் முகம் துடைத்தாள்.
போகிறவள் மாதிரி இரண்டடி வைத்துத் திரும்பி,
"ஆமா, அந்த முப்பதாயிரத்த
தம்பிக்காரன் குட்த்துட்டானா இல்லியா?"

இல்லை என்று
உதட்டை அசைத்தேன்.

"காதுல வுழல" என்றாள்.